காந்தம் வைத்துப் பார்த்த வேம்பு

தச்சுப் பட்டறையை இடம் மாற்றும்போது இயந்திரங்களை லொறியில் ஏற்றலாம். பலகை தருகிறவரையும் வாள் தீட்டுகிறவரையும் ஏற்ற முடியாது. கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு வந்து இறங்கி, லொறிக்காரர் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போன பிறகுதான் இது எனக்கு உறைத்தது. (அதுவரை பட்டறைக்கு என்ன நிறம் பூசலாம் என்பதில் மும்முரமாக இருந்தேன்.)

பட்டறையில் என் பங்காளி அத்தான், அக்காவின் கணவர். அவருக்குக் கைவேலை, எனக்கு வாய்வேலை. மரம் தேடுவது வாய்வேலையில் சேர்ந்தது. கடைகடையாகப் போய், நல்ல மரம் எங்கே எடுக்கலாம், வாள் எங்கே வாங்கலாம் என்று கேட்டேன். எல்லோரும் மரியாதையாகக் கதைத்தார்கள். ஒருவரும் இடம் சொல்லவில்லை. நேற்று வந்த பெட்டைக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். இதற்கிடையில் முதல் ஓடர் வந்துவிட்டது. புதிதாகக் கட்டிய குடிபூரல் வீடொன்றுக்கு டிவி வைக்கப் பெரிய மேசை. இதில் பிழை விட்டால் இந்த ஊரில் இரண்டாவது ஓடர் வராது.

தர்மபுரத்தில் ஒரு வீட்டு வளவில் விழுத்திய வேம்பு கிடந்தது. பருத்த, நேரான மரம், நம்ப முடியாத மலிவு. ஏன் மலிவு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மரம் அரியும் மில்லுக்கு அதை ஏற்றிக்கொண்டு போனோம். மில்கார அண்ணை அதைத் தொடாமலே கேட்டார்.

“எவடத்து மரம் பிள்ளை?”

சொன்னேன்.

“அங்காலப் பக்கத்து மரம் நாங்கள் அரியிறேல்லை. உள்ளுக்கை ஷெல் துண்டு கிடக்கும். வாள் போயிடும்.”

சண்டைக் காலத்தில் நின்ற மரங்களின்மேல் இங்கே எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. காயத்தைப் பட்டை மூடிவிடும். இரும்பை உள்ளே வைத்துக்கொண்டு மரம் தன் பாட்டுக்கு வளரும்.

விஞ்ஞானம் படித்த எனக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. பழுதான ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, நூலில் கட்டி, வைத்தியர் நெஞ்சில் குழாய் வைப்பதுபோல் மரத்தின் எல்லாப் பக்கமும் பிடித்துக் காட்டினேன். தங்கள் முறைக்குக் காத்திருந்த தச்சர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். காந்தம் அசையவில்லை. மரம் சுத்தம் என்று அறிவித்தேன். அண்ணைக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. (அந்தக் காந்தத்துக்குப் பட்டையைத் தாண்டி ஒன்றும் தெரியாது என்பது நான் பரீட்சைக்குப் படித்த பாடம்தான். பரீட்சையில் அது வரவில்லை.)

முதல் பலகை வெண்ணெய்போல் இறங்கியது. அத்தானைப் பெருமையாகப் பார்த்தேன். இரண்டாவது பலகையில், கோயில் மணி அறுந்து விழுந்ததுபோல் ஒரு சத்தம். பிறகு பெரிய அமைதி. வாளில் பல் என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை.

“படிச்ச பிள்ளை எண்டு நம்பினன்” என்றார் அண்ணை. குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அத்தான் என் கையிலிருந்த காந்தத்தை மெல்ல வாங்கித் தன் பொக்கற்றில் போட்டார்.

வாள் வரும்வரை மில் ஓடாது. மில் ஓடும்வரை அங்கே நின்ற ஒருவருக்கும் வேலை இல்லை. ஆகவே எல்லோரும் எனக்காக வாள் தேடத் தொடங்கினார்கள். அதுவரை வாய் திறக்காதவர்கள் இப்போது போட்டி போட்டு இடம் சொன்னார்கள். நெளுக்குளத்தில் வாள் விற்கிற கடை, பரந்தன் பக்கம் தீட்டிக் கொடுப்பவர், இரும்பில்லாத தேக்கு வருகிற மரக்காலை. “இனி அங்கை எடுங்கோ பிள்ளை” என்று ஒருவர் கெஞ்சாத குறை. பின்னேரத்துக்குள் வன்னியின் மர வியாபாரம் முழுவதும் என் போனில் இருந்தது. நெளுக்குளத்துக்கு அண்ணையோடு போய்ப் புது வாள் எடுத்துக் கொடுத்தேன்.

மேசைக்கு மரக்காலையில் பலகை எடுத்தோம். பின்பக்கத்துக்குக் குறைந்தது. அத்தான் வேம்புப் பலகையிலிருந்து ஷெல் துண்டைத் தோண்டி எடுத்து, ஓட்டையை வட்டமாக்கி, அந்தப் பலகையையே பூட்டினார். சுவர்ப் பக்கம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?

குடிபூரலன்று வீட்டுக்கார அம்மா மேசையை இழுத்துப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தா. அவா வந்திருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினா.

“வயர் போக ஓட்டையும் விட்டிருக்கிறா. படிச்ச பிள்ளையெல்லோ.”

அன்றிலிருந்து எங்களிடம் ஓட்டை வைத்த மேசைதான் கேட்கிறார்கள். நல்ல தேக்கில், அதே அளவில், இப்போது நானே ட்ரில் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் அத்தான் அந்தக் காந்தத்தை எடுத்து, ஓட்டைக்குள் விட்டுப் பார்த்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்வார்:

“சுத்தம், மச்சாள்.”