நூறு வீட்டிலும் இருமல் இல்லை

ஏலப்பாறைப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டின் நோய்களையெல்லாம் ஒரே வாரத்தில் ஒழித்துக் கட்டியவன் நான். மருந்து, மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பேனாவும் நூறு படிவங்களும் போதுமானதாக இருந்தன.

எழுபதுகளின் நடுவில் பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். தேயிலைக் கொழுந்து கிள்ளும் குடும்பத்திலிருந்து அவ்வளவு தூரம் போனவன், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் நான் ஒருவன்தான். (லயத்தில் எந்தக் குழந்தை அடம்பிடித்தாலும் என் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அந்தக் குழந்தைகளிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.) பட்டம் வாங்க வகுப்பும் புள்ளியியல் தாளும் மட்டும் போதாது, கள ஆய்வும் முடிக்க வேண்டும். நூறு வீடு ஏறி இறங்கி, வீட்டுக்கொரு படிவம் நிரப்பி, தேர்வாளர்கள் முன்னால் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சொந்த ஊரில் செய்யாமலிருப்பது நல்லது என்று விதியில் இருந்தது. எனக்கோ அம்மா கை சோறு ஞாபகம் வந்துவிட்டது.

என் ஆலோசகர் ஒரு டாக்டரம்மா. பாதி மலையாளத்தில் தமிழ் பேசுவார்.

"சொந்த ஊரு வேண்டா. உன்கிட்ட அவங்க சத்தியம் பறைய மாட்டாங்க."

"என்கிட்டதான் மேடம் எல்லாத்தையும் சொல்லுவாங்க. என்னைத் தூக்கி வளத்தவங்க."

"அதுகொண்டுதான் சொல்றேன்" என்றார்.

மூன்று நாள் அவர் அறை வாசலில் நின்றேன். நாலாம் நாள் என் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஊருக்குப் போய் அம்மாவிடம், "நூறு வீட்டுல கேள்வி கேக்கணும்மா, அதுலதான் எனக்கு மார்க்கு" என்று சொன்னேன். அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து கழுத்தில் ஒரு துண்டும் கையில் ஒரு அட்டையுமாகப் படியேறினேன்.

முதல் வீட்டு மாமா காலில் பெரிய கட்டுப் போட்டிருந்தார்.

"கால்ல என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. சும்மா கட்டியிருக்கேன்."

"காய்ச்சல் வந்துச்சா?"

"எங்க வீட்டுக்கு அதெல்லாம் வர்றதில்ல."

எல்லோரும் கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடித்தார்கள். எல்லோரும் கக்கூசுக்குத்தான் போனார்கள். லயத்துக்கு இருந்தது ஆறு கக்கூஸ், அதில் மூன்றுக்குக் கதவு இல்லை என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் எழுதினேன். நான் கேட்கிற விதம் அவ்வளவு நேர்த்தி, அதனால்தான் தடங்கலில்லாமல் பதில் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தேழாவது வீடு எங்களுடையது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். புருஷனை இழந்து மகளோடு எங்களிடமே இருந்த அக்கா பதில் சொன்னாள்.

"ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்காக்கா?"

"இல்ல தம்பி."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. நான் பேனாவோடு காத்திருந்தேன். அவள் திரும்பியதும், 'இல்லை' என்று எழுதி அடுத்த கேள்விக்குப் போனேன். மெலிந்திருக்கிறாள் என்று தோன்றியது. மேடு ஏறி இறங்குகிற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று அதையும் விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் கழித்துத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் படிவக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆறு கக்கூஸ், நூறு குடும்பம். விடியறதுக்குள்ள வரிசை முடிஞ்சுடுமா?" என்று கேட்டார். பிறகு, "அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆகறேன். நோயே இல்லாத அந்த லயத்துல ஒரு ரூம் கிடைக்குமா?" என்றார். அறையே சிரித்தது. நானும் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு படிவத்தை உருவி எடுத்தார்.

"முப்பத்தேழு உன் வீடல்லே? யாரு பதில் சொன்னா?"

"அக்கா, மேடம்."

"இருமல் இல்லைன்னு நீயே பார்த்தியா?"

அந்த முந்தானை அப்போதுதான் என் கண் முன்னால் வந்தது.

"ரிசல்ட் கிடக்கட்டும். நீ இன்னைக்கே வீட்டுக்குப் போ" என்றார்.

போனேன். அக்கா பாயில் கிடந்தாள். அம்மா என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"வியாதின்னு ஒண்ணு சொன்னா உனக்கு ஒரு மார்க்கு கொறைஞ்சிரும்னு நெனச்சேன்யா. காலைல வேலைக்கு ஆள் எடுக்கிற எடத்துல வச்சு எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன், பிள்ள கேட்டா நல்லதாவே சொல்லுங்கன்னு. இவகிட்டயும் சொன்னேன். ரத்தம் வந்ததைக்கூட எங்கிட்ட மறைச்சிட்டா."

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர், எத்தனை மாதமாக இருமல் என்று கேட்டார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே என்னைக் காட்டினாள்.

"எனக்கு இருமலே இல்லைங்கய்யா. எந்தம்பி எழுதி வச்சிருக்கான். பெரிய படிப்பு படிச்சவன், தப்பா எழுதுவானா?"

அம்மா அழுகையோடு சிரித்தாள். டாக்டருக்குப் புரியவில்லை. நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். அக்கா அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை.

கள ஆய்வை மறுபடி ஆனைகட்டியில் செய்தேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது, நான் தேற வேண்டுமென்று யாரும் கவலைப்படவில்லை. முதல் வீட்டிலேயே மூன்று பேர் இருமினார்கள். பட்டம் வாங்கிவிட்டேன்.

அக்கா மகளை நாங்கள்தான் வளர்த்தோம். இப்போது அவளுக்கே பேரன் இருக்கிறான். வீட்டில் யார் இருமினாலும், "மாமா, இல்லைன்னு எழுதிக்கங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்பேன். பதில் சொன்ன பிறகும் நம்பாமல், பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.