இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அப்பா

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உங்கள் தங்கை இறந்து எட்டு வருஷம் ஆகிறது என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கே தெரிய வந்ததால், அப்படி எழுதக் கை வரவில்லை. பயப்படாதீர்கள், அவள் இதோ பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத உங்களுக்கு எழுதக் காரணம் உங்கள் மருமகன், அதாவது என் பிள்ளை. அவன் வேலை பார்க்கும் கார் ஷோரூமுக்குப் பெரிய இடத்துப் பெண் ஒருத்தி டிரைவரோடு வந்து இறங்கினாளாம். கார் வாங்கவில்லை, இவனைத்தான் பார்த்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டும் கார்களில் வாரத்துக்கு ஒரு நிறமாகப் போய், அவள் சிநேகிதர்களின் விருந்துகளில் தலையைக் காட்டி, நான் முப்பது வருஷமாகக் காவல் காக்கும் இந்த பங்களா தன்னுடையது என்று அளந்துவிட்டான். முதலாளி குடும்பம் வெளிநாட்டில் இருப்பது அவனுக்கு வசதியாகப் போயிற்று. அவள் வீட்டைப் பார்க்க வருகிறேன் என்றதும் என்னிடம் வந்து, "ரெண்டு மணி நேரம்தான்ப்பா. நீங்க எப்பவும் செய்யறதையே செய்யுங்க. என்னை மட்டும் சார்னு கூப்பிடுங்க" என்றான். கூப்பிட்டேன் மச்சான். முப்பது வருஷப் பழக்கம், நாக்கு ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. அதுதான் என் துக்கம்.

வந்தவள் புழுக்கமாக இருக்கிறது என்றாள். நம் இரண்டு மணி நேர எஜமானர் எழுந்து ஐந்து ஸ்விட்சைத் தட்டினார். மின்விசிறி சுற்றவில்லை, தோட்டத்தில் நீரூற்று பீறிட்டது. நான் ஓடிப்போய்ச் சரியானதைப் போட்டேன். "வயசாயிடுச்சு, புத்தி மட்டு. போக்கிடம் இல்லாத ஆளு, பாவம்னு வெச்சிருக்கேன்" என்று என்னைக் காட்டிச் சொன்னான். அப்படியே தன் அம்மா எட்டு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்த கதையையும் கண் கலங்கச் சொன்னான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட உங்கள் தங்கை, அடுப்பைக் குறைத்துவிட்டு, "எந்த நோயில போனேனாம், சொன்னானா?" என்று என் காதோடு கேட்டாள். எங்களோடு சமையலறையில் உட்கார்ந்திருந்த அந்த டிரைவர்தான் எங்களுக்கு ஆறுதல். தங்கமான மனுஷன். கூடத்தில் அந்தப் பெண் லேசாக இருமியதும் பாதி எழுந்து, "வெந்நீர் இருந்தா கொடுங்க, அவங்களுக்குத் தொண்டை கட்டிக்கும்" என்றார். இவ்வளவு விசுவாசமா என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிறு மதியம் பெரிய ஹோட்டலில் பெண்ணின் அப்பா பையனின் அப்பாவைச் சந்திக்க வேண்டுமாம். உங்கள் மருமகன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாமாவ வரச் சொல்லுங்க. அவர்கிட்ட கோட்டு இருக்கு, இங்கிலீஷ் இருக்கு, தொப்பையும் இருக்கு" என்கிறான். நான் கேட்டைத் திறந்துவிடத்தான் லாயக்கு என்று அன்றைக்கு நீங்கள் சொன்னபோது சண்டை போட்டேன். இப்போது நான் பெற்றவனே அதைச் சொல்லிவிட்டான். மனசு ஆறவில்லை. ஆனாலும் அவன் வாழ்க்கை ஆயிற்றே. தயவுசெய்து வந்து அவனுக்கு அப்பாவாக உட்காருங்கள். காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். உயிரோடு இருக்கும்வரை உங்கள் தங்கையின் அன்பும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மணி அடித்தது. கேட்டைத் திறந்தால் அந்த டிரைவர் நிற்கிறார். "உங்களுக்குப் பெரிய மனுஷங்களத் தெரிஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் எங்க பாப்பாவுக்கு அப்பாவா உட்கார, கௌரவமா ஒருத்தர் வேணும்" என்றார். அவங்க அப்பா எங்கே என்று கேட்டேன். சாவியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "இங்கதான் நிக்கறாரு" என்றார். அவர் மனைவி போய் நாளாகிறதாம், நிஜமாகவே. உள்ளே கூட்டிவந்து என் கதையையும் சொன்னேன். உங்கள் தங்கைதான் வழி சொன்னாள். பையனுக்கு அப்பாவாக அவர் உட்காருவார். பெண்ணுக்கு அப்பாவாக நான், அம்மாவாக உங்கள் தங்கை. பிள்ளைகள் இரண்டும் வாயைத் திறக்க முடியாது, திறந்தால் அவரவர் பொய்தான் வெளியே வரும். ஆகவே நீங்கள் வர வேண்டாம், இரண்டு கோட்டு மட்டும் அனுப்பி வையுங்கள். அவன் எனக்கு எழுந்து நின்று "வாங்க சார்" சொல்லட்டும். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கப்போகிறேன்: "உங்க அம்மா எந்த நோயில போனாங்க, தம்பி?" உங்கள் தங்கை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.