சர்க்கரை டப்பாவுக்குச் சர்க்கரை வியாதி

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வீட்டில் இனி நான் தேவையில்லாமல் கை கழுவுவதில்லை.

கழுவிக் கழுவி என் விரல் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் விரல் வைத்தால், மெஷின் என்னைப் பார்த்து யார் நீ என்கிறது. எல்லாம் என் மனைவி தமிழ்ச்செல்வியால். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், கேன்சர் வார்டில் நர்ஸ். மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்ததும் செருப்பு வெளியே, பை வெளியே, குளித்த பிறகுதான் பேச்சே. அவள் குளிக்கட்டும். என்னையும் ஏன் கழுவ வைக்க வேண்டும்?

"மாத்திரைய உடைச்ச கையோட எதையும் தொடாதீங்க மாமா. தூசு ஒட்டும்."

"என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே?"

"கண்ணுக்குத் தெரிஞ்சா நான் ஏன் சொல்லப் போறேன்?"

கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில் என்பதை மறந்துவிட்டாள். அண்ணாமலை நகரில் மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறேன். ஈரப் பஞ்சுக்குச்சியால் ஒரு மேசையைத் தேய்த்து மெஷினில் விட்டால், அந்த மேசையில் யார் என்ன மருந்தைக் கொட்டினார்கள் என்று சொல்லிவிடும். குளத்தில் ஒரு சிட்டிகை கரைத்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடும்.

என் திட்டம் இதுதான். வீட்டைத் தேய்த்து அனுப்புவேன். ஆஸ்பத்திரி மருந்து அவள் கைப்பையில் இருக்கும். "பாத்தியா, ஊருக்கே உபதேசம் பண்ற நீதான் மருந்த வீட்டுக்குக் கொண்டாந்திருக்க" என்பேன். அன்றோடு என் கைகளுக்கு விடுதலை.

நான் பஞ்சுக்குச்சியும் கையுமாகக் கிளம்பியதைப் பார்த்து அவள் கோபப்படவில்லை. பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டாள்.

"இவ்ளோ சின்னக் குச்சியில எல்லாம் தெரிஞ்சிடுமா?"

"எல்லாம்."

"யாரு தொட்டதுன்னு தெரியுமா?"

"ஆள் தெரியாது. மருந்து தெரியும்."

"அதுவே பெரிய விஷயம். அப்ப என் போனையும் தேச்சுக்குங்க. கதவுக் கைப்பிடி, அரிசி டப்பா, புளி டப்பா, சக்கரை டப்பா, வெல்ல டப்பா எல்லாத்தையும் தேச்சுக்குங்க. நான்தானே தெனம் தொடறேன்."

எவ்வளவு வெகுளி என்று எனக்கே பாவமாக இருந்தது. ஒன்று விடாமல் தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. என்கூட வேலை செய்யும் அறிவுமதி. மெஷினை ஓட்டுகிறவள் அவள்தான்.

"ஸ்பீக்கர்ல போடுங்க மாமா, நானும் கேக்கறேன்" என்றாள் தமிழ்ச்செல்வி. தாராளமாகப் போட்டேன்.

"சார், அக்காவோட பையி, போனு, கைப்பிடி எல்லாம் சுத்தம். ஆஸ்பத்திரி மருந்து ஒரு பொட்டுகூட இல்ல."

"மெஷின் சரியா ஓடியிருக்காது."

"நல்லா ஓடுச்சு சார். சும்மா இருக்கட்டும்னு சாதாரண மாத்திரைங்களையும் சேத்துப் பாத்தேன். மெட்ஃபார்மின் எக்கச்சக்கமா வருது. சக்கரை டப்பா மூடியில ஜாஸ்தி, வெல்ல டப்பாவுல அதவிட ஜாஸ்தி. ஏன் சார், உங்க வீட்டுச் சக்கரை டப்பாவுக்கே சக்கரை வியாதியா?"

போனை அணைத்தேன். அணைத்து என்ன பயன்? சர்க்கரை வியாதிக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிற ஜீவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். பெரிய மாத்திரை. பாதியாக உடைத்து விழுங்கிவிட்டு, கசப்பு போக ஒரு சிட்டிகை சர்க்கரை. அவ்வளவுதான். சில நாள் ரெண்டு சிட்டிகை. வெல்லம் தனிக்கணக்கு.

"வீடுன்னா எல்லா எடத்துலயும்தான் கை படும்" என்றேன்.

"அரிசி டப்பாவுல படல. புளி டப்பாவுல படல. சக்கரையில மட்டும் எப்படிப் பட்டுச்சு?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

"அடுத்த தடவையும் சக்கரை எறங்கலன்னா ஊசிதான்னு டாக்டர் சொன்னாரே. மாத்திரை ஏன் கேக்க மாட்டேங்குதுன்னு எவ்ளோ பயந்தேன் தெரியுமா? சோத்த நிறுத்தினேன், கேவுரு போட்டேன், வரகு போட்டேன். என் சமையல்லதான் கோளாறுன்னு நெனச்சேன். மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது. நீங்கதான் வேலை செய்ய விடல."

"இனிமே தொட மாட்டேன் செல்வி."

"வெளிய எதுவும் சாப்பிடறதில்லையே?"

"சத்தியமா இல்ல."

"நம்பறேன். எதுக்கும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில இருக்கற எடத்தையும் தேச்சு வைக்கறேன். நாளைக்கு அறிவுமதிகிட்ட குடுத்துடுங்க. குளிச்சிட்டு வந்து தேய்க்கறேன்."

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி நான் வாசலில், ஒரு கையில் வாளி, ஒரு கையில் சோப்பு. சீட்டைத் தூக்கினேன். முந்தின நாள் சிதம்பரத்தில் வாங்கிய மைசூர்பாகுப் பொட்டலம் என்னைப் பார்த்துச் சிரித்தது. எங்கே ஒளிப்பேன்? ஒளிக்க இடமே இல்லாததால் வாயில் ஒளித்தேன். பிறகு தேய்த்தேன். ஆஸ்பத்திரியில்கூட அப்படித் தேய்க்க மாட்டார்கள். நுரை கேட் வரைக்கும் ஓடியது.

நிமிர்ந்தால் படியில் தமிழ்ச்செல்வி. தலை நனையவில்லை. புடவைகூட மாற்றவில்லை.

என் உப்பிய கன்னத்தை ஒரு தரம் பார்த்தாள். ஸ்கூட்டரை ஒரு தரம் பார்த்தாள்.

"பஞ்சுக்குச்சி அன்னிக்கே தீந்துபோச்சு மாமா."