எஸ்தரம்மாள் தூக்கு

"இந்த டப்பா நம்முளுது இல்ல," என்றார் தானியேல். சமையலறைத் தரை முழுக்கப் பாத்திரம். உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். "அடில பேர் வெட்டியிருக்குது பாரு. நசீமுன்னிசா."

"அப்போ எதிர்வீட்ல கொண்டுபோய்க் குடுங்க," என்றாள் அமிர்தவள்ளி. "அப்படியே எங்கம்மா தூக்க வாங்கிட்டு வந்துடுங்க. அது இல்லாம நான் லாரில ஏறமாட்டேன்."

மறுநாள் காலை லாரி வருகிறது. ஆம்பூரில் உள்ள இந்த மாடி வீட்டை விற்றுவிட்டுக் காட்பாடியில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டுக்குப் போகிறார்கள். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆன தானியேலின் முழங்கால்கள் மாடிப்படியைக் கண்டாலே மக்கர் பண்ணின. புது வீட்டுச் சமையலறையில் ஒரே ஒரு அலமாரி. பாதிப் பாத்திரத்தைக் கழித்தால்தான் மீதி உள்ளே போகும்.

அந்தத் தூக்கு ஒன்றும் வெள்ளியில்லை. எவர்சில்வர்தான். ஆனால் அமிர்தவள்ளியின் அம்மா எஸ்தரம்மாளின் பேர் வெட்டியது. ஒரு கிறிஸ்துமஸுக்கு அமிர்தவள்ளி அதில் பாயசம் ஊற்றி நசீமுன்னிசாவுக்குக் கொடுத்தாள், தூக்கு திரும்பி வரவில்லை. அடுத்த வருஷம் அம்மாவும் போய்விட்டாள். அந்தப் பேரைத் தாங்கிய பொருள் உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம்.

தானியேல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"காலியாவா?" என்று வழிமறித்தாள் அமிர்தவள்ளி. "வெறும் பாத்திரத்த யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? ரவை மீந்துபோயிருக்கு, கேசரி கிண்டறேன். ரவையும் தீரும், டப்பாவும் தீரும்."

நல்ல யோசனைதான். ஆனால் தெருவில் அது அவளுக்கு மட்டும் தோன்றுகிற யோசனையா என்ன?

நசீமுன்னிசா கேசரியை வாங்கிக்கொண்டாள். "வெறுங்கையோட போவாதீங்கண்ணா," என்று டிபன் கேரியர் நிறைய சேமியாவும் மக்கன் பேடா இனிப்பும் வைத்துக் கொடுத்தாள்.

"அந்தத் தூக்கு..." என்று இழுத்தார் தானியேல்.

"தேடிப் பாக்கறேண்ணா."

டப்பா போய் கேரியர் வந்தது. கேரியரை மட்டும் காலியாகத் திருப்ப முடியுமா? மீந்த அரிசி எலுமிச்சை சாதமாகி எதிர்வீட்டுக்குப் போனது. பதிலுக்கு ஒரு குண்டான் நிறைய, கறியும் பருப்பும் போட்ட தால்ச்சா வந்தது.

"தூக்கும்மா?"

"பரண்ல இருக்கும்ணா. மருமவள ஏறிப் பாக்கச் சொல்லியிருக்கேன்."

குண்டானில் மீதிப் பருப்பெல்லாம் சாம்பாராகிப் போனது. வந்தது ஒரு தேக்சா. கல்யாணத்துக்குப் பிரியாணி போடுவார்களே, அந்தப் பாத்திரத்துக்குத் தம்பி மாதிரி. வட்ட மூடி போட்டு, உள்ளே கழுத்துவரை பிரியாணி. ஒரு பக்கம் தானியேலும் மறுபக்கம் நசீமுன்னிசாவின் மருமகள் அஜீஸுன்னிசாவும் பிடித்து, தெருவைக் கடந்து இறக்கினார்கள்.

"காலைல ஒரு டப்பாதான் ஜாஸ்தியா இருந்துச்சு," என்றார் தானியேல், இடுப்பைப் பிடித்தபடி. "சாமான கம்மி பண்ணச் சொன்னா, நீ ஓட்டல் வெக்கற அளவுக்குச் சேத்துட்ட. பேஜாராப் போச்சு அமிர்தம்."

அமிர்தவள்ளி பிரியாணியை ஒரு வாய் வைத்தாள், கண் கலங்கிவிட்டது.

"அங்க யாருங்க இந்த மாதிரி குடுப்பாங்க?"

தானியேலுக்கும் அது தெரியும். காட்பாடி ஃபிளாட்டில் எதிரே ஒரு கதவு இருக்கிறது. மூன்று தடவை போனார், மூன்று தடவையும் பூட்டு. இங்கே அப்படியா? "கிண்ணத்தைக் கொடுத்துட்டு வர்றேன்" என்று அமிர்தவள்ளி எதிர்வீட்டுக்குப் போவாள், ரெண்டு மணி நேரம் ஆளைக் காணோம். மறுநாள் "கிண்ணத்தை வாங்கிட்டு வர்றேன்" என்று போவாள், மறுபடி ரெண்டு மணி நேரம். ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டு எத்தனை நாள் திட்டியிருக்கிறார். இனி காபி சூடாகத்தான் இருக்கும். நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

காலையில் லாரி வந்து நின்றது. வீட்டில் ஒரு குந்துமணி அரிசிகூட இல்லை. வேறு வழியில்லாமல் தானியேல் தேக்சாவைக் காலியாகவே கொண்டுபோய் வைத்தார்.

நசீமுன்னிசா உள்ளே எட்டிப் பார்த்தாள். "காலியாவாண்ணா?"

"எல்லாம் தீந்துபோச்சும்மா. தப்பா நெனைக்காத."

"மூடி?"

தானியேல் அப்போதுதான் கவனித்தார். "சாமானோட கலந்துட்டிருக்கும். பாத்து அனுப்பறேன்."

"பரவால்ல. உங்க தூக்கும் கெடைக்கலண்ணா. எங்கியோ தொலஞ்சுதான் போயிருக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போனவள், வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கம் ஒரு காலித் தேக்சாவில் முடிந்துவிட்டதே என்று தானியேலுக்கு மனசு விட்டுப்போனது.

தூக்கு தொலைந்த செய்தியைப் பயந்துகொண்டேதான் சொன்னார். அமிர்தவள்ளி சண்டை போடவில்லை. எதிர்வீட்டு வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், லாரியில் ஏறினாள். மடியில் ஒரு கட்டைப்பை.

"அத பின்னால போடேன். கால் வெக்க எடமில்ல," என்றார்.

"வேதபுத்தகம் இருக்கு. பின்னாலல்லாம் போடக் கூடாது."

"இன்னா சார், போலாமா?" என்று டிரைவர் சத்தார் வண்டியைக் கிளப்பினார். தெருமுனை வேகத்தடையில் லாரி ஏறி இறங்கியது. வேதபுத்தகம் 'டங்' என்றது.

தானியேல் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பின்னால் யாரோ லாரியைத் தட்டினார்கள். சத்தார் பிரேக் போட்டார். அஜீஸுன்னிசா மூச்சு வாங்க ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, உங்கம்மா தூக்க எங்க மாமி பீரோல வெச்சுப் பூட்டிட்டாங்க, நீங்களே வந்து வாங்குனாத்தான் குடுப்பாங்களாம், எங்க தேக்சா மூடிய மட்டும் அந்தப் பைலயே பத்திரமா வெச்சிருப்பீங்களாம், அவங்களே வந்து வாங்கிக்கறாங்களாம்."