இறாலின் நிரந்தர வாசஸ்தலம்

சனங்களின் சௌகரியத்தை முன்னிட்டு, அரசாங்கம் யாழ்ப்பாணத்துத் தண்ணீரை இரண்டு கந்தோர்களிடம், அதாவது அலுவலகங்களிடம், ஒப்படைத்திருந்தது. உப்புத்தண்ணீர் கடல் கந்தோருக்கு, நல்லதண்ணீர் குளக் கந்தோருக்கு. முப்பத்தாறாம் ஆண்டு மாரி வரும்வரை இந்த ஏற்பாடு வெகு திறமாக நடந்தது.

அந்த மாரியில் பெய்த மழைக்கு உப்பாறு என்ற கடலேரி தன் பெயருக்கே பங்கம் வரும்படி இனித்தது. குருநகர் மீனவர் யாகப்பு வழக்கம்போல அங்கே வலை வீசினார். கடல் கந்தோர்ச் சேவகன் தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டு, நல்லதண்ணீரில் கடல் இறால் பிடித்த குற்றத்துக்காக வலையைப் பறித்துக்கொண்டு போனான்.

இருந்தது அந்த ஒரு வலைதான். வீட்டில் அடுப்பு எரியவில்லை. யாகப்புவின் மனைவி சின்னத்தங்கம் உயிர் இறால்களைச் சட்டியில் அள்ளிக்கொண்டு, புருஷனையும் இழுத்துக்கொண்டு கடல் கந்தோருக்குப் போனாள். பெரிய உத்தியோகத்தர் தியாகலிங்கம் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“உது எங்கை பிறந்தது?”

“கடலிலை பிறந்து உப்பாத்திலை வளருது, ஐயா.”

“உப்பில்லாத தண்ணியிலை அதுக்கு என்ன வேலை?”

“சீவிக்குது, ஐயா.”

“ஆரின்ரை அனுமதியோடை?”

சின்னத்தங்கம் சட்டியைத் தூக்கிக்கொண்டாள். குளக் கந்தோருக்குப் போனார்கள். கடலில் பிறந்த சீவனுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று அங்கே மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள்.

விவகாரம் முற்றவே, கொழும்பிலிருந்து ஒரு விஞ்ஞானி வரவழைக்கப்பட்டார்.

“வெளியிலை உப்புக் குறைஞ்சால் இறால் செவுளாலை உப்பை உள்ளுக்கு இழுக்கும். மிஞ்சின தண்ணியை மூத்திரமாய் விடும். வெளியிலை உப்புக் கூடினால் அதே செவுளாலை உப்பை வெளியிலை தள்ளும். எந்தத் தண்ணியிலை விட்டாலும் இரத்தத்திலை உப்பு அவ்வளவாய் மாறாது,” என்றார் அவர்.

தியாகலிங்கம் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“உப்பு அரசாங்கத்தின்ரை தனியுரிமை. அப்ப உவை கள்ள உப்பெல்லோ கடத்துகினம்!”

இவ்வாறாக மூன்றாவது கந்தோர் பிறந்தது: இறாலுப்புப் பரிசோதனைக் கந்தோர். தியாகலிங்கம் அதற்குத் தலைவரானார். யாகப்புவின் வலை சான்றுப்பொருளாகச் சுவரில் தொங்கியது.

ஊர் கொதித்தது. சந்தையில் கூட்டம் போட்டு வைதார்கள். பிறகு, புதுக் கந்தோரில் உத்தியோகம் இருக்கிறதாம் என்று கதை பரவியது. கொதித்தவர்கள் குளித்து, தலைசீவி, வரிசையில் நின்றார்கள். இறால் விஷயத்தில் முன் அனுபவம் உள்ளவர் என்பதால் சேவகன் வேலை யாகப்புவுக்கே கிடைத்தது. சின்னத்தங்கம் அவருடைய காக்கிக் கோட்டைத் தேய்த்துக் கொடுத்து, வாசலில் நின்று பெருமையோடு பார்த்தாள்.

அடுத்த மாரியில், அவரோடு கடலுக்குப் போய்வந்த செபநாயகம் ஓடி வந்தான்.

“யாகப்பண்ணை, என்ரை வலையையும் பறிச்சுப்போட்டாங்கள்! உள்ளுக்கு ஒருக்கால் சொல்லுங்கோ.”

யாகப்பு வாங்குப் பலகையிலிருந்து அசையவில்லை.

“அண்ணை கிண்ணையெல்லாம் வீட்டிலை. ஐயா அலுவலாய் இருக்கிறார். நாளைக்கு வாரும்.”

செபநாயகம் அவருடைய காக்கிக் கோட்டை மேலும் கீழும் பார்த்தான். அவனுடைய முகத்தில் கோபம் மெல்ல வடிந்தது. கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

“அப்ப... உந்தக் கோட்டிலை இன்னொண்டு கிடக்கோ?”