கனகாம்புஜத்துக்கு ஒரு பெரிய தொட்டி

ஒரு காட்டில், அருவிக்குப் போகும் பாதையோரம், ஒரு ஊறுகாய் ஜாடிக்குள் கனகாம்புஜம் என்ற தங்கமீன் வாழ்ந்துவந்தாள். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் அவளை ஜாடியோடு கொண்டுவந்தது. திரும்பிப் போகும்போது ஜாடியோடு மறந்துவிட்டது. பாயையும், தண்ணீர்ப் பாட்டிலையும், புளிசாதம் மிச்சமிருந்த தூக்கையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.

வந்த புதிதில் அவள் பாக்கு அளவுதான் இருந்தாள். பிராணிகள் இரக்கப்பட்டுப் போட்ட எறும்புமுட்டையையும் புழுவையும் தின்று மாங்காய் அளவு ஆனாள். ஜாடி அதே அளவில் இருந்தது. ஒரு நாள் காலை திரும்ப முயன்றாள், முடியவில்லை. மூக்கு இந்தப் பக்கக் கண்ணாடியில் இடித்தது, வால் அந்தப் பக்கக் கண்ணாடியில் மடங்கியது. அன்றிலிருந்து அவள் உலகம் எதிரே இருந்த ஓர் உண்ணிச்செடிப் புதராகச் சுருங்கிப்போனது. முதுகுக்குப் பின்னால் அருவி விழும் சத்தம் கேட்கும். பார்க்க வழியில்லை. யாராவது பின்னாலிருந்து "சௌக்கியமா?" என்று கேட்டால், புதரைப் பார்த்தபடியே "சௌக்கியம்" என்பாள்.

ஓடையில் விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஓடையில் கொக்குகள் இருந்தன. மலைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிற நிறத்தில் ஒரு மீனை அவற்றிடம் அனுப்பினால், அதை விருந்து என்பார்களே தவிர விடுதலை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

காட்டின் நடுவில் கூரை விழுந்த ஒரு பழைய விடுதி இருந்தது. அதன் கூடத்தில் ஆறடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வெறுமனே கிடந்தது. பிராணிகள் எல்லாம் கூடிப் பேசி, 'தங்கமீனுக்குச் செடிகளுடன் கூடிய பெரிய தொட்டித் திட்டம்' என்று ஒரு தீர்மானம் போட்டன. திட்ட அலுவலராக வைரக்கண்ணு என்ற நீர்நாய் நியமிக்கப்பட்டார். அடுத்த மாதக் கூட்டத்தில், நீர்நாய் மீன் தின்னுமே என்று முயல் ஒன்று எழுந்து கேட்டது.

"பதவிக்கு வந்த பிறகு நான் மீன் சாப்பிடறதில்லை," என்றார் வைரக்கண்ணு. "நேரமே இல்லை."

அது உண்மைதான். படிவம் தயாரிப்பதிலேயே அவர் பாதியாக இளைத்திருந்தார்.

மறுநாள் அவர் வரைபடத்தோடு வந்து, கனகாம்புஜம் பார்க்க வசதியாகப் புதருக்குள் முதுகைக் கொடுத்து நின்றார்.

"பாருங்கம்மா. ஆறடி நீளம், ரெண்டடி அகலம். அடியில ஆத்துமணல். இந்த மூலையில வேலம்பாசி, நடுவுல நீர்ப்பிரம்மி, பின்னாடி கொட்டிக்கிழங்கு. அழகுக்கு ஒரு மரக்கட்டை."

"நான் எங்க சார் இருக்கேன்?"

"தொட்டி முழுக்க நீங்கதானேம்மா!" என்றவர் வரைபடத்தை இன்னொரு முறை பார்த்தார். மீனை வரைய மறந்திருந்தார். கரித்துண்டால் ஓரத்தில் கால்புள்ளி அளவில் ஒன்று போட்டார். "இதோ. இது நீங்க."

"எப்போ சார் போகலாம்?"

"தண்ணி பழுக்கணும். ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள் தொட்டி சும்மா நிக்கணும். பச்சைத் தண்ணியில குடியேறினா செவுள் எரிஞ்சுபோயிடும். அதுக்குள்ள உங்ககூட யார் யார் இருக்கறதுன்னு முடிவு பண்ணிடலாம். தனியா இருந்தா மனசு கெட்டுப்போகும்னு விதியில இருக்கு."

"எனக்குத் திரும்பறதுக்கு இடம் இருந்தாப் போதும் சார்."

வைரக்கண்ணு விதிகளைப் புரட்டினார். "அது இதுல இல்லையே," என்றார்.

விண்ணப்பங்கள் மூன்று நிறத்தில் வந்தன. மீனுக்கு ரோஜாப்பூ நிறம், கூட வாழ வருகிறவர்களுக்கு மஞ்சள், செடிகளுக்குப் பச்சை. விடுதி வாசலிலிருந்து நாவல் மரம் வரை வரிசை நின்றது. ஜாடியையும் தூக்கி வந்து வாசலில் வைத்தார்கள். வைத்தவர்கள் சுவரைப் பார்க்க வைத்துவிட்டதால், கனகாம்புஜம் எல்லாவற்றையும் காதால்தான் தெரிந்துகொண்டாள்.

சுவரில் பல்லி ஜோசியர் இருந்தார். பொருத்தம் பார்ப்பது அவர் பொறுப்பு. பத்துப் பொருத்தம். வெப்பப் பொருத்தம், வேகப் பொருத்தம், கழிவுப் பொருத்தம் என்று அடுக்கிக்கொண்டே போவார். எல்லாவற்றிலும் முக்கியம் வாய்ப் பொருத்தம். ஒருவர் வாய்க்குள் இன்னொருவர் நுழையக் கூடாது. "அது தட்டிப்போச்சுன்னா மத்த ஒம்பதும் இருந்து பிரயோஜனம் இல்லை," என்பார்.

மீசையை முறுக்கிக்கொண்டு முதலில் கெளுத்தி வந்தார், வாளியில். ஜோசியர் ஒரு குச்சியால் அவர் வாயை அளந்தார்.

"பெரிய வாய். அம்மா உள்ள போயிட்டு வெளிய வரலாம்."

"வெளிய வரவேண்டிய அவசியம் இல்லை," என்றார் கெளுத்தி.

ச்சு, என்றார் ஜோசியர். அடுத்து இறால் வந்தது.

"அம்மா வாயில நான் போயிடுவேனா சாமி?"

"முழுசா."

இறால் வந்த வழியே பின்பக்கமாக நகர்ந்து வரிசையை விட்டு வெளியேறியது. அதன் இடத்தில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது.

"உமக்கு நீச்சல் தெரியுமா?"

"தண்ணிக்குள்ள யார் வரப்போறா? விளிம்புல உக்காந்து பேச்சுத்துணையா இருப்பேன்."

"என்ன பேசுவீர்?"

"அவங்க மூஞ்சியைப் பத்தித்தான்."

கழிவுப் பொருத்தம் இல்லை என்று குரங்கை அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஓர் அயிரைக் குடும்பம் பத்துக்குப் பத்து வாங்கித் தேறியது. திட்ட அலுவலகத்தில் தபால் கொண்டுபோகும் நத்தை நல்லமுத்து ஒன்பது வாங்கித் தேறினான். வேகப் பொருத்தம் மட்டும் யாரோடும் இல்லை.

எல்லாம் முடிந்து செடிகளின் முறை வந்தது. செடிகள் தொன்னைகளில் பேசாமல் நின்றன. அயிரைக்கும் நீர்ப்பிரம்மிக்கும் பொருத்தம். நத்தைக்கும் வேலம்பாசிக்கும் பார்த்து நடந்துகொண்டால் பொருத்தம். மிச்சமிருந்தது தங்கமீனுக்கும் செடிகளுக்கும்தான். வைரக்கண்ணு ரோஜாப்பூ நிறப் படிவத்தை எடுத்தார்.

"கேள்வி ஏழு. விண்ணப்பதாரர் செடி தின்பவரா? இது சும்மா ஒரு சம்பிரதாயம்மா. இல்லைன்னு எழுதிக்கவா?"

கனகாம்புஜம் சுவரைப் பார்த்தபடி யோசித்தாள். இத்தனை பேர் தனக்காக வேலை மெனக்கெட்டு நிற்கும்போது பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"பசிச்சாத் தின்பேன் சார். பசிக்கலைன்னாலும் வாய் சும்மா இருக்காது. வேரோட பிடுங்கிப் பார்ப்பேன். எங்க சாதிக்கே அந்த வழக்கம் உண்டு."

இந்த மாதிரிக் கதைகளில், உண்மை பேசியவர் தலையில் இந்த இடத்தில் வானத்திலிருந்து பூ விழும். ஜாடிக்குள் ஒரு காய்ந்த நாவல் இலை விழுந்தது.

"ச்சு," என்றார் ஜோசியர்.

வைரக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தொட்டியோட நலன் கருதி..." என்று ஆரம்பித்தார்.

"அது என் தொட்டிதானே சார்?"

"சந்தேகமே வேண்டாம்மா. பேரே உங்க பேருதான் வெச்சிருக்கோம். அதுல இருக்கறதுக்குத்தான் உங்களுக்குப் பொருத்தம் இல்லை."

ஜாடியைப் பழையபடி புதருக்கு எதிரே கொண்டுபோய் வைத்தார்கள். நாற்பத்தெட்டு நாள் முடிந்தது. 'கனகாம்புஜம் தொட்டி' திறக்கப்பட்டது. போகும்போது சத்தமாகப் பேசிக்கொண்டு போன பிராணிகள், வரும்போது ஜாடிக்குப் பின்னால் நடையைத் தளர்த்தி, "என்னமா இருக்கு தெரியுமா கனகாம்புஜம், பச்சைப்பசேல்னு! நீ பார்க்கணும்," என்று சொல்லிவிட்டுப் போயின. அவள் புதரிடம் "அப்படியா" என்றாள். ஜாடித் தண்ணீர் கலங்கிவிட்டிருந்தது. மூச்சுக்கு ஒரு தடவை மேலே போய் வாயைத் திறந்து காற்றைக் குடிக்கவேண்டியிருந்தது. மேலே போவதும் கீழே வருவதுமாக இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் மனு நிராகரிக்கப்பட்டது என்ற கடிதம் அதன்பிறகு ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தது. நல்லமுத்து கொண்டுவந்தான். ஜாடிமேல் ஏறி, அவள் முகத்துக்கு நேராக வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டான்.

"மேல்முறையீடு பண்ணலாம்க்கா."

"அதுக்குப் படிவம் இருக்கா?"

"ரோஜாப்பூ தீர்ந்துபோச்சு. மஞ்சளும் தீர்ந்துபோச்சு. பச்சைதான் கட்டுக்கட்டாக் கிடக்கு. செடிங்க எது வந்து எழுதிப் போடுது?"

கனகாம்புஜம் மேலே போய் ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டு வந்தாள்.

"சும்மாப் படி, கேட்போம்," என்றாள் கனகாம்புஜம்.

நல்லமுத்து ஓட்டுக்குள்ளிருந்து ஒரு பச்சைத் தாளை உருவினான். "தண்ணீர் தேவையா?"

"ரொம்ப."

"வெளிச்சம்?"

"இருந்தா நல்லது."

"இலை உண்டா?"

"வால்தான் இருக்கு."

"அகலமா, அலை அலையா இருக்கா?"

"இருக்கும்னு நினைக்கிறேன். பார்த்து ரொம்ப நாளாச்சு."

"அது இலைதான். என்ன நிறம்? பொன்மஞ்சள். பழுத்த இலைன்னு போட்டுக்கறேன். வேர் உண்டா?"

"இத்தனை மாசமா ஒரே இடத்துல நின்னுட்டிருக்கேன், நல்லமுத்து."

"உண்டு," என்று எழுதினான். அவன் எழுதியது ஈரமாகத் தாளில் மின்னியது. "பூக்குமா?"

"அதை இப்போ சொல்ல முடியாது."

"நேரம் வந்தால் பூக்கும். அவ்வளவுதான்க்கா, முடிஞ்சது."

"செடி தின்பவரான்னு கேட்கலையா?"

நல்லமுத்து தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "ஒரு செடி இன்னொரு செடியைத் தின்னும்னு யாருக்குக்கா தோணும்?"

பல்லி ஜோசியர் மூன்றே நாளில் முடிவு சொன்னார். "செடிக்குச் செடி பத்துக்குப் பத்து! இப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததே இல்லை!" வைரக்கண்ணுவே நேரில் வந்தார். இரண்டு கையாலும் கனகாம்புஜத்தை ஜாடியிலிருந்து எடுத்தார். இவ்வளவு பக்கத்தில் அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. அவரும் அவளைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"நல்ல செடி," என்றார்.

தொட்டியில் இறக்கி, வாலை மணலில் பதித்து, சுற்றிலும் பதமாக அமுக்கிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் கனகாம்புஜம் திரும்பினாள். முதலில் இடப்பக்கம். பிறகு வலப்பக்கம். பிறகு நடுவில் ஒரு முழுச் சுற்று. எண்ணிக்கொண்டிருந்த அயிரைக் குடும்பத்தார் அறுபதுக்கு மேல் தலை சுற்றி நிறுத்திக்கொண்டார்கள். இடிந்த சுவர் வழியாக அருவி தெரிந்தது. இத்தனை நாள் கேட்டதை வைத்து அவள் நினைத்திருந்ததைவிடச் சின்ன அருவி. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நீர்ப்பிரம்மியைத் தின்ன ஆரம்பித்தாள்.

மாதம் ஒரு முறை சோதனை வரும். காலடிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் மூலையில் வாலைப் புதைத்துக்கொண்டு நிற்பாள். முதல் சோதனையிலேயே தொட்டியில் வேறு செடி எதுவும் இல்லை. ஜோசியர் ச்சு ச்சு என்று கவலைப்பட்டார். வைரக்கண்ணு அறிக்கை எழுதினார்: 'மூன்று இனங்கள் அழிந்தன. நான்காவது இனம் ஆச்சரியப்படும்படி கொழுத்திருக்கிறது. இந்தத் தண்ணீருக்கு ஏற்ற செடி இதுவே. இதற்குத் துணையாக மாதந்தோறும் புதுச் செடிகள் நடவும்.'

நட்டார்கள். அவள் ஒன்றையும் வீணாக்கவில்லை.

இன்னொரு குறை மட்டும் அறிக்கைக்கு அறிக்கை தொடர்ந்தது. தங்கமீன் தொட்டியில் தங்கமீன் இடம் காலியாக இருந்தது. வைரக்கண்ணு புதிதாக ரோஜாப்பூ நிறப் படிவம் தயாரித்து, காடு முழுக்க அறிவிப்புக் கொடுத்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் உடம்பெல்லாம் மஞ்சளாகிவிடும் ஒரு பெருந்தவளை அந்தப் பக்கம் இருந்தார். நிறம் சரியாக இருந்தது. கண் பிதுங்கியிருந்ததும் சரியாக இருந்தது.

"செடி தின்பவரா?" என்று கேட்டார் வைரக்கண்ணு.

"சேச்சே! கனவுலகூட இல்லை."

பத்துக்குப் பத்து. மாவிலைத் தோரணம் கட்டி, தவளையாரைத் தொட்டிக்குள் இறக்கிக் கைதட்டினார்கள். அயிரைகள் மணலுக்குள் புகுந்துகொண்டன. நத்தை ஓட்டுக்குள் போய்விட்டான். எல்லோரும் கலைந்ததும் தவளையார் மரக்கட்டைமேல் ஏறி உட்கார்ந்து, தன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் கனகாம்புஜம் அசைந்துகொண்டு நின்றாள்.

"நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

"செடி. நீங்க?"

"தங்கமீன்."

கனகாம்புஜம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள். "திரும்பக்கூட முடியாம ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாமே."

"அதை ஏம்மா கேக்கறீங்க!" என்றார் தவளையார், முன்னங்காலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த வேதனை செடிகொடிக்கெல்லாம் எங்கே புரியப்போகுது?"

நீதி: விண்ணப்பத்தில் ஒருபோதும் பொய் சொல்லாதீர்கள், உங்களிடம் உண்மையைக் கேட்காத விண்ணப்பமாகப் பார்த்து நிரப்புங்கள். செடிகள் இதைப் படிக்க வேண்டாம்.