துபாஷி போட்ட தற்குறி

“உங்களுக்குப் போயி மூட்டை கட்டற வேலையா? ஆறு மாசத்துல என் கடையே உங்களுதாயிடும். வேணாம் சாமி!” என்று துணி வியாபாரி அப்துல் ரவூப், வேலை கேட்டு வந்த சுப்பராயலுவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

சுப்பராயலு பழவேற்காட்டுக் கோட்டையில் பதினாலு வருஷம் துரைகளுக்கு மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்தவன். ஒல்லாந்துத் துரைகள் தலைமையிடத்தை நாகப்பட்டணத்துக்கு மாற்றியபோது கோழிக்கூண்டைக்கூட மறக்காமல் கொண்டுபோனார்கள், இவனைத்தான் விட்டுவிட்டார்கள். மூன்று வருஷமாக வேலையும் இல்லை, மழையும் இல்லை. வீட்டில் அடுப்பெரிந்து இரண்டு நாளாயிற்று.

தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டைக்குப்பம் போனான். வலை இழுக்க ஆள் தேடிக்கொண்டிருந்த முனியன் அவன் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தான்.

“இன்னா நைனா, எழுதற இறகு புடிச்ச கையி! நாளைக்குத் துரை கூப்ட்டா வலைய பாதியில உட்டுட்டுப் பூடுவீங்க.”

“சத்தியமா போகமாட்டேம்பா!”

“போவலைன்னாலும், உங்கள எப்டி வாடா போடான்னு வேல வாங்கறது?”

வீட்டில் மனைவி அம்மணி வெடித்தாள். “நாலு பாஷை தெரியும்னு ஊரெல்லாம் ஏன் சொல்றீங்க? ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லித் தொலைங்களேன்!”

நல்ல யோசனையாகவே பட்டது. செங்கல்வராயன் என்ற தரகன் கப்பல் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு, மறுநாள் உடம்பில் சேற்றைப் பூசிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி அவன் முன்னால் போய் நின்றான்.

“எழுதப் படிக்கத் தெரியுமா?”

“இன்னாது அது?”

தரகன் சிரித்தான். “சோறு திங்கத் தெரியுமா?”

இலை நிறையப் போட்டார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருவன் அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை. சுப்பராயலுவுக்கு அழுகையே வந்துவிட்டது. சாப்பிட்டதும் தரகன் ஒரு காகிதத்தை நீட்டினான்.

“இங்க ஒரு கோடு கிழி.”

கிழித்தான். பழக்க தோஷம், மை காய்வதற்குள் மேலே இருந்த ஒல்லாந்து எழுத்தில் கண் ஓடிவிட்டது. கடல் கடந்து பத்தாவியாவுக்கு அடிமையாக விற்கப்பட்டவன் என்றும், பக்கத்தில் அவன் விலையும் எழுதியிருந்தது.

“ஐயா! நான் துபாஷி! நாலு பாஷை எழுதப் படிக்கத் தெரியும்! இந்த வேலைக்கு நான் ஆகவே மாட்டேன்!” என்று அலறினான். நம்பமாட்டார்களோ என்று ஒல்லாந்திலும் போர்த்துக்கீசிலும் அதையே அலறினான்.

அவன் காலில் விலங்கு மாட்டிக்கொண்டிருந்த காவல்காரன் தலையைத் தூக்கித் தரகனைப் பார்த்தான்.

“அண்ணே, எழுதின வெலைய அடிச்சி மாத்திடுங்க. படிச்ச அடிமைக்குத் துரை ரெண்டு மடங்கு தர்றாரு!”